மேசையில் தேசியக் கொடி, கம்பத்தில் கிழிந்த கொடி: தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் முன்னாள் படைவீரருக்கு உள்ள உரிமை என்ன?

கேள்வி: முன்னாள் நாயிப் சுபேதார்

அனைவருக்கும் வணக்கம். தரைப்படையின் காலாட்படைப் பிரிவு ஒன்றிலிருந்து ஓய்வுபெற்று, இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு தனியார் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை. யாரையும் அவமானப்படுத்தும் எண்ணமும் எனக்கு இல்லை.

என் மேசையில் ஒரு பித்தளைத் தாங்கி இருக்கிறது. அதில் இரண்டு சிறு கம்பிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும். ஒன்றில் தேசியக் கொடி. மற்றொன்றில் எங்கள் ரெஜிமெண்டின் சிறுகொடி. ஓய்வுபெற்றபோது உடனிருந்த தோழர்கள் நினைவுப் பரிசாகக் கொடுத்தது. பாதுகாப்புப் பிரிவுச் சீருடையின் இடப்பக்கச் சட்டைப்பைக்கு மேல், நான் பெற்ற பதக்கங்களுக்குரிய ரிப்பன் பட்டையையும் அணிந்துவந்தேன். இதுவரை இதைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அண்மையில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மேசை, லாக்கர், இயந்திரம், சீருடை எதிலும் எந்த அமைப்பையும் கருத்தையும் சார்ந்த கொடி, சின்னம், படம், வாசகம் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். தேசியக் கொடியும் அதில் அடங்குமா என்று கேட்டேன். அடங்கும் என்றார்கள்.

இரண்டாவது விஷயம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. ஆகஸ்ட் 15 அன்று நுழைவாயில் கம்பத்தில் ஏற்றிய கொடியை அதற்குப் பிறகு யாரும் இறக்கவே இல்லை. பாலியஸ்டர் கொடி. மழையிலும் காற்றிலும் கிடந்து ஓரத் தையல் விட்டு, பச்சைப் பட்டை நூல் நூலாகத் தொங்கியது. காவி நிறம் வெளிறி, எது காவி எது வெள்ளை என்று சாலையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத நிலை. கொடிக்கயிறு மேலே கப்பியில் சிக்கிக்கொண்டதால் கீழிருந்து இழுத்தாலும் இறங்கவில்லை. பராமரிப்புப் பிரிவில் நேரில் சொன்னேன். ஏணி வரும் என்றார்கள், வரவில்லை. மறுபடியும் சொன்னேன். கடைசியில் கொடியைப் படமெடுத்து, தொழிலாளர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘படைப்பிரிவு ஒன்றில் இப்படி ஒரு கொடி பறந்திருந்தால், அன்று மாலைக்குள் அதன் பொறுப்பாளர் பதில் சொல்லியிருக்க வேண்டும்’ என்று எழுதினேன். மறுநாளே கொடி இறங்கிவிட்டது. கூடவே எனக்கு மெமோவும் வந்தது. நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்காக என்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

தேசியக் கொடியை மேசையில் வைத்திருப்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது என்னைப் போன்றவர்களுக்குப் பொருந்துமா? படையில் இருந்தவருக்கு இதில் கூடுதலாக ஏதேனும் உரிமை உண்டா? சூரியன் மறைவதற்குள் கொடியை இறக்காமல் விட்டதற்கும், கிழிந்த கொடியைப் பறக்கவிட்டதற்கும் நிறுவனத்தின்மீது புகார் கொடுக்க முடியுமா? மெமோவுக்கு எப்படிப் பதில் எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கொன்றை (தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்)

வணக்கம் ஐயா. நீங்கள் கேள்விப்பட்ட தீர்ப்பு, நவீன் ஜிண்டால் வழக்கில் 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கியது. அதன் பின்னணியை அறிந்துகொண்டால் உங்கள் நிலை தெளிவாகும். இன்றைய சத்தீஸ்கரில் உள்ள ராய்கட்டில் இருந்த தம் தொழிற்சாலையில் ஜிண்டால் தேசியக் கொடியை ஏற்றிவந்தார். குறிப்பிட்ட சில நாட்களைத் தவிர மற்ற நாட்களில் பொதுமக்கள் கொடி ஏற்றக் கூடாது என்ற அன்றைய விதியைக் காட்டி, அதிகாரிகள் அதைத் தடுத்தார்கள். அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1995இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. கொடியை மரியாதையோடும் கண்ணியத்தோடும் பறக்கவிடுவது அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சு, கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்றும், அந்த உரிமை வரம்பற்றது அல்ல என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது.

அதாவது, அங்கே தடுத்தது அரசு. உரிமை கேட்டவர் தொழிற்சாலையை நடத்தியவர். உங்கள் விஷயத்தில் தடுப்பது தனியார் முதலாளி, கேட்பவர் ஊழியர். அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசுக்கு எதிராகவே நிலைநாட்டப்படுபவை. 2023 ஜனவரி 3 அன்று கௌசல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 19, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவருக்கு எதிராகவும் கோரலாம் என்று பெரும்பான்மையாகக் கூறியது உண்மைதான், நீதிபதி பி.வி. நாகரத்னா அதில் மாறுபட்டார். ஆனால் அதை நம்பி ஒரு மேசைக் கொடிக்காக உயர் நீதிமன்றப் படி ஏறச் சொல்லி உங்களுக்கு நான் யோசனை கூற மாட்டேன். மேசை நிறுவனத்தின் சொத்து. பணியிடத்தை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரியாகச் சொல்லும் அதிகாரம் நிர்வாகத்துக்கு உண்டு. உங்கள் கொடியை எடுக்கச் சொல்லிவிட்டு வேறொருவரின் கட்சிச் சின்னத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால், அது பாரபட்சம் என்று வாதிடலாம். அப்படி ஏதும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை.

படையில் இருந்தவருக்குக் கூடுதல் உரிமை உண்டா என்று கேட்டீர்கள். இல்லை என்பதே நேர்மையான பதில். பணியில் இருந்தபோது உங்களுக்கு மற்றவரைவிடக் குறைவான பேச்சுரிமைதான் இருந்தது. அரசமைப்பின் 33ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்தலாம். தரைப்படைச் சட்டம், 1950இன் 21ஆம் பிரிவும் அதன்கீழ் 1954இல் வந்த விதிகளும் சங்கம் சேர்வது, அரசியல் கூட்டங்களில் பங்கேற்பது, பத்திரிகைகளுக்கு எழுதுவது ஆகியவற்றை அப்படித்தான் கட்டுப்படுத்துகின்றன. ஓய்வுபெற்ற நாளோடு அந்தக் கட்டுகள் அவிழ்ந்தன. மற்ற குடிமக்களுக்கு உள்ள உரிமை முழுவதும் உங்களுக்கும் வந்தது, அதற்குமேல் எதுவும் சேரவில்லை. நாட்டுக்காக எல்லையில் நின்ற ஒருவரிடம் இதைச் சொல்ல எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறான நம்பிக்கையில் நீங்கள் வேலையை இழப்பது அதைவிடக் கசப்பு.

கம்பத்துக் கொடியில்தான் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. சேதமடைந்த கொடியைக் காட்சிப்படுத்தக் கூடாது என்று இந்தியக் கொடி விதித்தொகுப்பு, 2002 தெளிவாகச் சொல்கிறது. தனியார் நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தும். எனினும் விதித்தொகுப்பு அரசின் நிர்வாக அறிவுறுத்தல்தான், சட்டமன்றம் இயற்றிய சட்டம் அல்ல என்று ஜிண்டால் வழக்கிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. தண்டனை தருவது தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971. பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வைக்குப் படும் இடத்திலோ கொடியை எரிப்பது, சிதைப்பது, வேறு வகையில் அவமதிப்பது ஆகியவற்றுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உங்கள் நுழைவாயில் பொதுமக்கள் பார்வைக்குப் படும் இடம்தான். ஆனால் கவனக்குறைவையும் அவமதிப்பையும் நீதிமன்றங்கள் ஒன்றாகப் பார்ப்பதில்லை. 2013 கிறிஸ்துமஸ் அன்று கோயம்புத்தூரில் மூவர்ணத்தில் இந்திய வரைபடம் போல் செய்த கேக்கை வெட்டியதற்காகத் தொடரப்பட்ட வழக்கை, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் ரத்து செய்தார். ஏணி வரத் தாமதமானதைக் குற்ற வழக்காக்க முயன்றால் உங்களுக்கு இருக்கும் நியாயமும் நீர்த்துப்போகும்.

மெமோவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். வாட்ஸ்அப் குழு நிறுவனம் தொடங்கியதா, தொழிலாளர்கள் தாமாகத் தொடங்கியதா?

பதில்: வேலூர் சிக்னல்மேன் (ஓய்வுபெற்ற சுபேதார் மேஜர்)

தம்பி, ஜெய் ஹிந்த். கம்பத்துக் கொடியைப் பார்த்து உங்களுக்கு வயிறு எரிந்ததில் வியப்பில்லை. எனக்கும் எரிந்திருக்கும். ஆனால் கொடி மரியாதையைப் பற்றி மற்றவரைக் கேள்வி கேட்கும் நாம், நம் மேசையில் விதி எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

முதலில் சூரிய அஸ்தமனம். மாலையில் பியூகிள் ஒலிக்கக் கொடியை இறக்கி, மடித்து, காவலறையில் சேர்த்த பழக்கம் நம் உடம்பில் ஊறியது. அது படையின் ஒழுங்கு. விதித்தொகுப்பின் மூன்றாம் பகுதியே, பாதுகாப்புத் துறை நிலையங்களுக்குத் தனி ஒழுங்குமுறை உண்டு என்று அவற்றை விலக்கிவிடுகிறது. பொதுமக்களும் தனியாரும் பின்பற்ற வேண்டியது இரண்டாம் பகுதி. அதில் 2022 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது. இல்லந்தோறும் தேசியக் கொடி இயக்கத்தை ஒட்டி வந்த அந்தத் திருத்தத்தின்படி, திறந்தவெளியிலோ பொதுமக்களின் வீட்டிலோ கொடி பகலிலும் இரவிலும் பறக்கலாம். ஆகவே இரவில் இறக்கவில்லை என்ற குற்றச்சாட்டை விட்டுவிடுங்கள். பாலியஸ்டர் துணியையும் குறை சொல்ல முடியாது. 2021 டிசம்பர் 30 அன்று வந்த திருத்தம் பாலியஸ்டரையும் இயந்திரத்தில் நெய்ததையும் அனுமதித்துவிட்டது. ஏற்றிவிட்டு மறந்துபோகும் வழக்கம் அதற்குப் பிறகு பெருகிவிட்டது என்பது என் எண்ணம். கதர்க் கொடி என்றால் மழை கண்டதும் இறக்கி உலர்த்த வேண்டும் என்று ஓர் அக்கறை இருந்தது. இப்போது ஆகஸ்டில் ஏற்றிய கொடி பொங்கல் வரை கம்பத்தில் கிடப்பதை எங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே பார்க்கிறேன். அரசு விதியைத் தளர்த்தியது மக்களின் அன்பை நம்பித்தான். அந்த அன்பு ஒரு நாள் விழாவோடு தீர்ந்துவிட்டால் தளர்த்தியதன் பயன் என்ன?

இனி உங்கள் பித்தளைத் தாங்கி. விதித்தொகுப்பில் கொடிக்கு ஒன்பது அளவுகள் உண்டு. மேசைக்கு உரியது அவற்றில் மிகச் சிறியது, 150க்கு 100 மில்லிமீட்டர். நீள அகலம் எப்போதும் 3:2 விகிதம். அளவுகோலை வைத்துப் பாருங்கள், கடையில் கிடைக்கும் மேசைக் கொடிகளில் பாதி சதுரமாக இருக்கின்றன. அளவு சரியாக இருந்தாலும், ரெஜிமெண்ட் கொடியை அதனோடு குறுக்காக வைத்திருப்பது சரியில்லை. தேசியக் கொடியைவிட உயரத்திலோ, அதற்கு மேலோ, அதற்குப் பக்கவாட்டில் சமமாகவோ வேறெந்தக் கொடியையும் வைக்கக் கூடாது என்பது இரண்டாம் பகுதியின் விதி. குறுக்குக் கம்பங்களில் இரண்டு கொடிகளை வைக்கும் முறை மூன்றாம் பகுதியில், பிற நாட்டுக் கொடிகளோடு வைப்பது பற்றிய இடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. தேசியக் கொடி தன் வலப்பக்கத்தில் (பார்ப்பவருக்கு இடப்பக்கத்தில்), அதன் கம்பம் மற்றதற்கு முன்னால் இருக்க வேண்டும் என்கிறது. அதைப் பார்த்துத்தான் தாங்கி செய்பவர்கள் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் ரெஜிமெண்ட் கொடியும் வேறொரு நாட்டின் தேசியக் கொடியும் ஒன்றாகிவிடாது. சிறுகொடியை வீட்டில், நீங்கள் பெற்ற நினைவுக் கேடயத்தின் அருகில் தனியாக வையுங்கள். ரெஜிமெண்டின் மானம் அதில் ஒரு நூலும் குறையாது.

ரிப்பன் பட்டை விஷயத்தில் நீங்கள் உடனே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005இன் 21ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தனியார் பாதுகாவலரோ மேற்பார்வையாளரோ முப்படைச் சீருடையையோ காவல்துறைச் சீருடையையோ, அவற்றைப் போலத் தோன்றும் உடையையோ, அவற்றின் தனித்த அடையாளங்களைக் கொண்ட உடையையோ அணிந்தால், அவருக்கும் முகமையின் உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பாதுகாவலர் பணிக்கு முன்னாள் படைவீரருக்கு முன்னுரிமை தரலாம் என்று சொல்வதும் அதே சட்டம்தான். நேரடியாக நிறுவனத்தின் சம்பளத்தில் இருக்கும் உங்களுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை வழக்கறிஞர் சொல்லட்டும். ஆனால் காக்கிச் சட்டையில் உண்மையான ரிப்பன் பட்டையோடு வாயிலில் நிற்பவரைப் பணியிலிருக்கும் படைவீரர் என்று ஒரு லாரி ஓட்டுநர் நினைத்துவிட்டால் அந்தச் சட்டத்தின் நோக்கம் கெட்டுவிடுகிறது. பதக்கங்களைக் குடியரசு நாளிலும் படைவீரர் விழாக்களிலும் கோட்டில் இடப்பக்க மார்பில் அணிந்து நெஞ்சை நிமிர்த்தி நில்லுங்கள். அங்கே கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

பதில்: மனிதவளத்தில் ஒருத்தி

ஐயா, சுற்றறிக்கை எழுதும் மேசையின் மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள். நான் உங்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவள் அல்ல. ஆனால் இதே போன்ற ஒரு சுற்றறிக்கையை நானும் தயாரித்திருக்கிறேன். அதன் தொடக்கம் ஒருபோதும் தேசியக் கொடியாக இருப்பதில்லை. தேர்தல் நேரத்தில் ஒருவர் லாக்கரில் கட்சிக் கொடியை ஒட்டுவார். அடுத்த வாரம் எதிர்க்கட்சிக் கொடி வரும். பிறகு சாதிச் சங்கத் தலைவரின் படமும் அதற்குப் பதிலாக இன்னொரு சாதியின் வண்ணக் கயிறும் வரும். உற்பத்திப் பிரிவில் கைகலப்பு நடந்த பிறகு எல்லாவற்றையும் எடுக்கச் சொல்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரிவதில்லை. ஒன்றை மட்டும் விலக்கினால், மற்றதை ஏன் விலக்கவில்லை என்ற கேள்வி மறுநாள் காலை வாசலில் நிற்கும்.

ஆனாலும் தேசியக் கொடியைக் கட்சிக் கொடியோடு ஒரே வரியில் சேர்த்து எழுதியது பிழை என்றே நினைக்கிறேன். அது ஒரு பிரிவினரின் கருத்தைக் காட்டும் சின்னம் அல்ல. சுற்றறிக்கையில், ‘நிறுவனத்தின் வரவேற்பறையிலும் கம்பத்திலும் தேசியக் கொடி விதிப்படி வைக்கப்படும், தனிப்பட்ட மேசைகளில் எந்தக் கொடியும் வேண்டாம்’ என்று எழுதியிருந்தால் யாரும் புண்பட்டிருக்க மாட்டார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், கொடியைப் பராமரிக்கும் பொறுப்பையே எழுத்து மூலம் உங்களிடம் கொடுத்திருக்கலாம். கொடி ஏற்றவும் மடிக்கவும் முறைப்படி தெரிந்த ஒருவர் வாயிலிலேயே இருக்கும்போது, அதைப் பராமரிப்புப் பிரிவின் வேலைப்பட்டியலில் குழாய்க் கசிவுக்குக் கீழே எழுதிவைப்பது எனக்குப் புரியவில்லை.

மேசைக் கொடிக்கு நாங்கள் தயங்குவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒருவர் கொடி வைத்தால், வைக்காதவரின் பற்றைச் சந்தேகிக்கும் பேச்சு தேநீர் இடைவேளையில் தொடங்கிவிடும். 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், தேசிய கீதம் இசைக்கும்போது மரியாதையாக எழுந்து நின்று, தம் சமய நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த கேரளப் பள்ளிக் குழந்தைகளை வெளியேற்றியது தவறு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பேசும் உரிமையைப் போலவே மௌனமாக இருக்கும் உரிமையையும் பணியிடத்தில் காக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் மெமோ தேவையற்றது. நேரில் இரண்டு முறை சொன்னவரிடம் விளக்கம் கேட்பதற்கு முன், ஏன் ஏணி வரவில்லை என்று பராமரிப்புப் பிரிவிடம் கேட்டிருக்க வேண்டும்.

பதில்: டல்லாஸ் தமிழன்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் நிறைந்த ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். இங்கே கொடி வீட்டுக்கு வீடு பறப்பதைப் பார்த்துவிட்டு, பணியிடத்திலும் அது கேள்விக்கு அப்பாற்பட்டது என்று நம் ஊரில் பலர் எண்ணுகிறார்கள். இந்த நாட்டு அரசமைப்பின் முதல் திருத்தம் தரும் பேச்சுரிமை அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் முதலாளி மேசையிலிருந்து கொடியை எடுக்கச் சொன்னால் பெரும்பாலான இடங்களில் எடுக்கத்தான் வேண்டும். 2006இல் வந்த கொடி காட்சிப்படுத்தும் உரிமைச் சட்டம்கூடக் குடியிருப்போர் சங்கங்கள் தடுப்பதைத்தான் நிறுத்தியது, முதலாளிகளை அது தொடவில்லை. படையில் பணியாற்றியதைக் காரணம் காட்டி ஒருவரை வேலையில் ஒதுக்கக் கூடாது என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதுவும் வேலையைக் காப்பதற்கு. கருத்தைச் சொல்வதற்கு அல்ல. பெரிய வேறுபாடு தண்டனையில் இருக்கிறது. 1989இல் டெக்சாஸ் எதிர் ஜான்சன் வழக்கில், எதிர்ப்பைக் காட்டக் கொடியை எரிப்பதும் கருத்துச் சுதந்திரமே என்று இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் அதே செயலுக்குச் சிறை. சட்டம் இவ்வளவு மாறுபட்டிருந்தும், ஊழியரின் மேசை என்று வரும்போது இரண்டு நாடுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கின்றன.

கேள்வி கேட்டவர்: முன்னாள் நாயிப் சுபேதார்

எல்லாருக்கும் என் வணக்கமும் நன்றியும். சுபேதார் மேஜர் சாப், உங்கள் சொல்லை ஆணையாகவே எடுத்துக்கொண்டேன். ரிப்பன் பட்டையை இன்றே கழற்றிவிட்டேன். ரெஜிமெண்ட் கொடி வீட்டுக்குப் போய்விட்டது. மேசைக் கொடியை அளந்தேன், அளவு சரியாகவே இருக்கிறது. அதை எடுக்க இன்னும் மனம் வரவில்லை என்றாலும், வழக்கறிஞர் சொன்ன பிறகு அதற்காகச் சண்டை போடுவதாக இல்லை. மனிதவளத்தில் பணிபுரியும் அம்மா எழுதியதைப் படித்த பிறகு, கம்பத்துக் கொடியின் பொறுப்பை நானே கேட்டு வாங்கலாம் என்று தோன்றுகிறது.

வழக்கறிஞர் ஐயா கேட்டதற்குப் பதில்: குழுவைத் தொடங்கியது தொழிற்சங்கத் தோழர்கள். மேலாளர்கள் சிலரும் அதில் இருக்கிறார்கள். நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர் யாரும் இல்லை. நான் படத்தை வேறெங்கும் பகிரவில்லை.

இன்னொரு சந்தேகம். இறக்கிய கிழிந்த கொடி ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டியபடி என் அறையின் மூலையில் இருக்கிறது. குப்பையோடு போடச் சொன்னார்கள், நான் கொடுக்கவில்லை.

பதில்: வேலூர் சிக்னல்மேன்

நல்ல காரியம் செய்தீர்கள், தம்பி. கொடுக்காதீர்கள். சேதமடைந்த கொடியைத் துண்டு துண்டாக்காமல், முழுதாக, தனிமையில், அதன் கண்ணியம் குறையாதபடி அழிக்க வேண்டும். எரிப்பதே விரும்பத்தக்கது என்கிறது விதித்தொகுப்பு. பாலியஸ்டர் என்பதால் புகை கடுமையாக இருக்கும், திறந்த இடமாகப் பாருங்கள். கொடியைத் துவைத்து, உலர்த்தி, மடித்த பிறகு எரிப்பது என் வழக்கம். விதியில் அப்படிச் சொல்லவில்லை, என் மனநிறைவுக்காகச் செய்வது. படம் எடுக்க வேண்டாம். எரியும் கொடியின் படம் சூழல் தெரியாதவர் கைக்குப் போனால் உங்களையே குற்றவாளி ஆக்கிவிடும். தொழிற்சாலை வளாகத்திலும் செய்யாதீர்கள். நிறுவனத்தின் சொத்து என்று பின்னால் யாரும் கேட்காதபடி, அதை அகற்றும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்ததாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு எடுத்துச் செல்லுங்கள்.

பொறுப்பைக் கேட்டு வாங்கினால், முதல் வேலையாகக் கப்பியை மாற்றச் சொல்லுங்கள். கயிறு சிக்கும் கம்பத்தில் எவ்வளவு நல்ல கொடியை ஏற்றினாலும் இதே கதைதான். மாற்றுக் கொடி ஒன்று எப்போதும் அலமாரியில் இருக்கட்டும்.

பதில்: கொன்றை

விவரத்துக்கு நன்றி ஐயா. குழுவில் வெளியார் இல்லை என்பதும், படம் வேறெங்கும் போகவில்லை என்பதும் உங்களுக்குப் பெரிதும் சாதகம். பொதுமக்கள் பார்வைக்கே போகாத ஒரு செய்தி நிறுவனத்தின் நற்பெயரை எப்படிக் கெடுத்தது என்பதை நிர்வாகம்தான் விளக்க வேண்டியிருக்கும். சாலையில் போனவர் எல்லாரும் பார்த்தது உங்கள் செய்தியை அல்ல, கொடியைத்தான்.

ரிப்பன் பட்டையைக் கழற்றியது சரி. 21ஆம் பிரிவு நேரடி ஊழியரையும் கட்டுப்படுத்துமா என்று வாதிட இடமிருக்கிறது; அந்த வாதத்துக்கு நீங்கள் சோதனைப் பொருளாக வேண்டாம்.

விளக்கத்தில் அடிப்படை உரிமை, படைப்பணி, தியாகம் ஆகியவற்றை எழுதாதீர்கள். அவை உண்மையானவை, ஆனால் மெமோ கேட்ட கேள்விக்கு அவை பதில் அல்ல, நிர்வாகத்தை விறைப்பாக்கத்தான் பயன்படும். நடந்ததை மட்டும் வரிசையாக எழுதுங்கள். கொடியின் நிலையைப் பராமரிப்புப் பிரிவில் நேரில் தெரிவித்த தேதிகளை, நினைவில் உள்ளபடி குறிப்பிடுங்கள். அப்போது உடன் இருந்தவர் இருந்தால் அவர் பதவியை எழுதுங்கள். சேதமடைந்த கொடியைக் காட்சிப்படுத்தக் கூடாது என்ற விதியைச் சொல்லி, பாதுகாப்பு மேற்பார்வையாளர் என்ற முறையில் நுழைவாயிலில் நடக்கும் சட்டமீறலைச் சுட்டிக்காட்டுவது உங்கள் பணியின் பகுதி என்று எழுதுங்கள். நிறுவனத்தின் நிலையாணைகளில் (பணி விதிகளில்) உங்கள்மீது சுமத்தப்பட்ட ஒழுங்கீனம் எந்தப் பிரிவில் வருகிறது என்பதை மெமோ குறிப்பிடவில்லையென்றால், அதைப் பணிவோடு கேளுங்கள்.

படத்துக்குக் கீழே நீங்கள் எழுதிய வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். படைப்பிரிவோடு ஒப்பிட்டு எழுதியதை மேலாளர்கள் தங்களைக் குத்திக்காட்டியதாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. ‘எவரையும் தனிப்பட்ட முறையில் குறைகூறும் நோக்கம் எனக்கு இல்லை, கொடி விரைவில் இறக்கப்பட வேண்டும் என்பதே நோக்கம், அது மறுநாளே நிறைவேறியதற்கு நிர்வாகத்துக்கு நன்றி’ என்று ஒரு வாக்கியம் போதும். இறுதியில், கொடியைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்க நீங்கள் தயாராக இருப்பதை எழுதுங்கள். அதை ஒப்புக்கொள்ளும் நிர்வாகம் அடுத்த வரியில் உங்களைத் தண்டிப்பது கடினம்.

மெமோவில் கொடுத்துள்ள கெடுவுக்கு முன்பே விளக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். நேரில் கொடுப்பதானால் இரண்டு படிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.